கனியக்கா வளையல்

தன் குரலைத் தானே கேட்பது ஜெபக்கனிக்குப் புதிதில்லை. மேலத்தருவை உப்பளத்தில் எந்த வரப்பில் நடந்தாலும் யாராவது ஒருத்தியின் கையிலிருந்து அது பேசிக்கொண்டிருக்கும். "தண்ணி குடிச்சியாட்டி?" என்று கேட்கும். "இன்னைக்கும் சத்து மாத்திரைய மறந்துட்டியா? நல்லாருக்கு கத" என்று திட்டும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் உப்பளத்துப் பெண்கள் எல்லோருக்கும் சாம்பல் நிறத்தில் ஆளுக்கொரு வளையல் கொடுத்தார்கள். அது நாடி பார்க்கும், காய்ச்சல் பார்க்கும், கேள்வி கேட்கும், கேட்டதற்குப் பதில் சொல்லும். திட்டத்தின் காகிதத்தில் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது. அதற்குக் குரல் கொடுக்க, மாவட்டத்துக் கிராம நர்சுகள் அத்தனை பேரிலும் பொறுக்கி எடுத்தது ஜெபக்கனியைத்தான். ஒன்பது நாள் ஏசி அறையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு வாக்கியம் வாக்கியமாக வாசித்துவிட்டு வந்தாள். வளையல் கைக்கு வந்த முதல் நாளே பெண்கள் அதற்குக் கனியக்கா வளையல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஜெபக்கனிக்கு அதில் கர்வம் உண்டு. இல்லையென்று சொன்னால் அது பொய்.

அந்தக் கர்வம் ஒரு திங்கட்கிழமை காலையில் போனது.

அவள் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தது. வழக்கம்போல மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உப்பளத்துக்கு வந்தாள். பத்து மணி வெயிலே முதுகைச் சுட்டது. ஓலைக் கொட்டகையின் பின்பக்கம் சந்தனமாரி தனியாக உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வயசு, கல்யாணமாகி ஐந்து வருஷம், இன்னும் குழந்தையில்லை. உப்பு வாரும் பலகை பக்கத்தில் கிடந்தது. ஒரு கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையை வாய்க்கு அருகில் வைத்து வளையலோடு பேசிக்கொண்டிருந்தாள். ஜெபக்கனி வந்ததை அவள் கவனிக்கவில்லை.

"அடிவயிறு இன்னும் வலிக்குதுக்கா. வலது பக்கம் மட்டும்."

"எத்தன நாளா?" என்று கேட்டது ஜெபக்கனியின் குரல்.

"மூணு நாளா."

"ரத்தம் படுதா?"

"லேசா. கருப்பா." சந்தனமாரி கொஞ்சம் தயங்கினாள். "தோள்பட்டையும் குத்துதுக்கா. தல சுத்துது."

வளையல் ஒரு நொடி யோசித்தது. அதன் ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

"சூடுதான் புள்ள. வெயில்ல நிக்கிற ஒடம்பு, அப்படித்தான் இருக்கும். மோரு குடிச்சிட்டு நெழல்ல உக்காரு. ரெண்டு நாள்ல சரியாயிரும்."

அந்த வார்த்தைகள் ஒவ்வொன்றும் ஜெபக்கனியுடையவை. குரல் மட்டுமில்லை, 'வெயில்ல நிக்கிற ஒடம்பு' என்று அவள் போடுகிற அந்த ராகம் வரைக்கும் அப்படியே இருந்தது. ஆனால் இந்த வாக்கியத்தை அவள் ஏசி அறையில் வாசிக்கவில்லை. அங்கே கொடுத்த தாளில் இது இல்லவே இல்லை.

"ஏட்டி, இங்க பாரு" என்று ஓடிப்போய்க் குனிந்தாள். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். வெள்ளைத் துணி போல இருந்தது. மணிக்கட்டைப் பிடித்தால் நாடி விரலுக்கு அடங்காமல் படபடவென்று ஓடியது. "தலைக்கு ஊத்தி எத்தன நாளாச்சு? பொய் சொல்லாத."

"அம்பது நாளாச்சுக்கா." சந்தனமாரி அந்த நிலையிலும் சுற்றிப் பார்த்தாள். "வளையல்கிட்ட கூடச் சொல்லல. யாருட்டயும் சொல்லிராதீங்க. மூணு மாசம் முடியட்டும். கண்ணு வச்சிருவாவ."

சொல்லி முடிக்கவும் உப்புப் பாத்திப் பக்கமாகச் சாய்ந்தாள்.

ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள். ஜெபக்கனி வரப்பில் நின்று கத்திய கத்தலில் உப்பு ஏற்றிக்கொண்டிருந்த லாரி பாதிச் சுமையோடு புறப்பட்டது. சந்தனமாரியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் கையிலிருந்த வளையல் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தது. "மோரு குடிச்சியா?" என்று இரண்டு தடவை கேட்டது. மூன்றாவது தடவை கேட்டபோது ஜெபக்கனி அதைக் கழற்றி ஜன்னல் வழியாக எறியப்போனாள். பிறகு பையில் போட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, கரு கர்ப்பப்பையில் தங்காமல் கருக்குழாயில் தங்கியிருந்தது. குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் நிறைந்திருந்தது. தோளில் குத்தியதும் அதனால்தான். உள்ளே கசிகிற ரத்தம் மேலே ஏறினால் வலி தோளில் வந்து நிற்கும். வலது குழாயை எடுத்துவிட்டார்கள். இடது குழாயும் பழைய தொற்றில் ஒட்டிச் சுருங்கிப் போயிருந்தது. டாக்டரம்மா வெளியே வந்து கையுறையைக் கழற்றிக்கொண்டே, "ஆள் பிழைச்சுக்கிட்டா. இனிமே குழந்தைங்கிறது கஷ்டம். மூணு நாள் வலியை வச்சுக்கிட்டு இருந்திருக்கா. இத சூடுன்னு சொன்னது யாரு?" என்று கேட்டார்.

கூட வந்திருந்த உப்பளத்துப் பெண்கள் கள்ளமில்லாமல், "கனியக்கா" என்றார்கள்.

*

புதன்கிழமை சென்னையிலிருந்து தமயந்தி என்ற பெண் வந்தாள். வளையலுக்குப் புத்தி சொல்லிக் கொடுக்கிற வேலை அவளுக்கு. நாற்பது வயசிருக்கும். துணைச் சுகாதார நிலையத்தின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கணினியைத் திறந்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டாள். சண்டைக்கு வந்தவளாகத் தெரியவில்லை, அதுவே ஜெபக்கனிக்குப் பயமாக இருந்தது.

"சிஸ்டர், வளையல் பழுதில்ல. வேற எங்கயும் இப்படிச் சொல்லல. அதுக்கு யாரோ கத்துக் குடுத்திருக்காங்க. அந்த யாரோ நீங்கதான்."

"நான் எங்க மேடம் கத்துக் குடுத்தேன்? நான் வாசிச்சது வேற."

"வாசிச்சது குரலுக்கு. புத்திக்கு உங்க பதிவேடு." தமயந்தி கணினியை அவள் பக்கம் திருப்பினாள். "பன்னெண்டு வருஷத்துல இந்த உப்பளத்துல இருநூத்திப் பதினாலு பேர் உங்ககிட்ட வந்திருக்காங்க. வெள்ளைப்படுதல், அடிவயிறு வலி, நாத்தம், எரிச்சல், சிலருக்கு நாள் தள்ளிப்போனதோட வலி. அத்தனை பேருக்கும் நீங்க 'உடல் சூடு, வெயில்ல நிக்கிற ஒடம்பு, மோரு குடிக்கச் சொன்னேன்'னு எழுதியிருக்கீங்க. மருந்து இல்ல. ஆஸ்பத்திரிக்கு அனுப்பினதா ஒரு வரி இல்ல. ஆனா ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. எல்லாரும் சரியாயிட்டாங்க."

"ஆமா."

"பக்கத்து ஏரியா சிஸ்டர் எல்லாத்தையும் தொற்றுன்னு எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. பாதிப் பேர் போகவே இல்ல. முத்திப் போச்சு. மெஷின் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்குது. தொற்றுன்னு சொன்னா கெட்டுப்போறாங்க, சூடுன்னு சொல்லி மோர் குடிக்கச் சொன்னா பிழைச்சுக்கிறாங்க. அது என்ன முடிவுக்கு வரும், சொல்லுங்க?"

ஜெபக்கனி தன் மருந்துப் பையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"மாத்திர குடுத்தேன் மேடம்."

"எங்க எழுதியிருக்கீங்க?"

"எழுதல. இந்தப் பையில வச்சு வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுத்தேன். ஏழு நாளும் நின்னு முழுங்க வச்சேன். முத்துனவள லீவு போட்டுட்டு நானே பஸ்ல ஏத்தி டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனேன், கல்யாணத்துக்குப் போறோம்னு அவ வீட்டுல சொல்லிட்டு. புருசனுக்கும் சேத்துத்தான மருந்து குடுக்கணும்? அதுக்கு வெயில் மாத்திரன்னு பேரு வச்சேன்."

தமயந்தி கண்ணாடியைக் கழற்றினாள். "ஏன் சிஸ்டர்?"

ஏன் என்று கேட்டால் லூர்து கதையைத்தான் சொல்ல வேண்டும், சொன்னாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பதிவேடு காகிதத்திலிருந்து கணினிக்கு மாறியது. எழுதுகிற ஒவ்வொன்றும் அந்தப் பெண்ணின் எண்ணுக்குக் குறுஞ்செய்தியாகப் போகும், தன் உடம்பைப் பற்றி அறிவது அவளுடைய உரிமை என்று பயிற்சியில் சொன்னார்கள். ஜெபக்கனியும் கைதட்டிவிட்டு வந்தாள். முதல் மாதமே லூர்துமேரி என்ற பெண்ணுக்கு 'பிறப்புறுப்புத் தொற்று' என்று ஒழுங்காக எழுதினாள். உப்பளத்தில் பெண்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது. விடியலில் போனால் மறுபடி வீட்டுக்கு வந்துதான். உப்புத் தண்ணீரில் நனைந்த துணியோடு பகல் முழுக்க நிற்க வேண்டும். அதனாலும் வரும். புருஷன் கொண்டுவந்து கொடுத்தும் வரும். லூர்துக்கு வந்தது இரண்டாவது வழியில். ஆனால் செய்தியை டீக்கடையில் உரக்க வாசித்தது அவள் புருஷன். எவனிடம் வாங்கினாய் என்று தெருவில் நிற்க வைத்துக் கேட்டான். லூர்து மறுநாள் கிணற்றில் கிடந்தாள்.

"நம்பர் அந்தப் பொம்பளைங்க பேர்லதானே இருக்கு?" என்றாள் தமயந்தி மெல்ல.

"பேர்ல இருக்கு மேடம். போன் எவன் சட்டப் பையில இருக்குன்னு நீங்க கேட்டதுண்டா?" ஜெபக்கனிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "சூடுன்னு எழுதினா எவனும் எதுவும் கேக்க மாட்டான். வெயில்ல நிக்கா, சூடு புடிச்சிருக்குன்னு எளநி கூட வாங்கிக் குடுப்பான். அவன் எளநி குடுக்கட்டும், நான் மாத்திர குடுக்கேன்னு நெனச்சேன். நான் குடுத்தத உங்க மெஷினு பாக்கலயே."

"எழுதாதத அது எப்படிப் பார்க்கும்?"

ஜெபக்கனி பையிலிருந்து சந்தனமாரியின் வளையலை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

"கொரலையாவது எடுத்திருங்க மேடம். எனக்குக் கேக்கவே கூசுது."

"எடுத்துடலாம். வேற குரல்ல இதையேதான் சொல்லும். இதே மாதிரி வெயில்ல வேலை செய்யுற இடமெல்லாம் உங்க பதிவேட்டை வச்சுத்தான் கத்துக் குடுக்கப்போறாங்க. செங்கல் சூளை, தீப்பெட்டி ஆபீஸ், முந்திரித் தோட்டம். வர்ற மாசம் ஆரம்பம். உங்களைத்தான் நல்ல நர்சுன்னு தேர்ந்தெடுத்திருக்காங்க." தமயந்தி சிரிக்க முயன்று விட்டுவிட்டாள். "பதிவேட்டை அப்படியே ஒதுக்கி வைக்க எனக்கு அதிகாரம் இல்ல, நிறுத்த ஒரே வழிதான். இருநூத்திப் பதினாலு பேர் பதிவையும் நீங்க திருத்தணும். சூடு இல்ல, தொற்று, மருந்து குடுத்தேன்னு கையெழுத்துப் போடணும். வெள்ளிக்கிழமைக்குள்ள."

"திருத்தினா?"

தமயந்தி கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதிலேயே ஜெபக்கனிக்குப் புரிந்துவிட்டது.

"திருத்தினா சேதி போகுமா?"

"போகும். சட்டம். அவங்கவங்க நம்பருக்கு."

*

வியாழக்கிழமை மத்தியானம் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டு வாசலில் சந்தனமாரியின் புருஷன் இசக்கிமுத்து, லாரி டிரைவர், இரண்டு பேருடைய போனையும் மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். உள்ளே சந்தனமாரி விட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஜெபக்கனி எல்லாவற்றையும் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் உனக்கு இருந்தது சூடு இல்லை, தொற்று, மாத்திரை கொடுத்தேன், பெயரைத்தான் மாற்றி எழுதினேன் என்றாள்.

"தெரியும்க்கா. எங்களுக்கு என்ன, தெரியாமலா இருந்துச்சு? சூடுக்கு யாரு ஏழு நாளு மாத்திர குடுப்பா." சந்தனமாரி உதட்டை நனைத்துக்கொண்டாள். "நான் ஒழுங்காத் தின்னேன். அவுக திங்கல."

"யாரு, இசக்கியா?"

"வெயில் மாத்திரன்னுதான குடுத்தீங்க. லாரிக்குள்ள எனக்கு என்ன வெயிலு, நீ தின்னுன்னு ஜன்னல் வழியா எறிஞ்சிட்டாக. உங்ககிட்ட சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. திருப்பியும் வந்துச்சு. நான் வளையல்கிட்ட கேட்டேன். அது சூடுன்னு சொல்லுச்சு."

ஜெபக்கனி ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்தினாள். "வளையல்தான சொல்லுச்சு? நான் சூடுன்னு சொன்னா கூடவே மாத்திரயும் வரும்னு உனக்குத் தெரியும்லா? என்னத் தேடி வந்திருக்கலாம்லா?"

"வருவீங்கன்னு இருந்தேன்." சந்தனமாரி இப்போதுதான் அவளைத் திரும்பிப் பார்த்தாள். "எப்பவும் அப்படித்தான? மொதல்ல சூடுன்னு சொல்லுவீங்க. ரெண்டு நாள் கழிச்சு பையத் தூக்கிட்டு வீட்டுக்கு வருவீங்க. இந்தத் தடவையும் வலி வந்த மொத நாளே அது சூடுன்னு சொல்லுச்சு, மூணு நாளும் வாசலப் பாத்துட்டேதான் இருந்தேன். வேற எவ கொரல்ல அது பேசியிருந்தாலும் நான் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பேன்க்கா. உங்க கொரலுல்லா. நம்பிட்டேன்."

ஜெபக்கனி அதற்கு மேல் அங்கே இருக்க முடியாமல் எழுந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். பாதி உரித்த பழம் கட்டிலிலேயே கிடந்தது.

*

வெள்ளிக்கிழமை காலைச் சாப்பாட்டு நேரத்தில் கொட்டகையில் எல்லோரையும் கூட்டினாள். தூக்குவாளியைத் திறந்தபடி பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். வளையல்களைக் கழற்றி ஒரு பக்கம் வைக்கச் சொல்லிவிட்டு நடந்ததைச் சொன்னாள். இன்று கையெழுத்துப் போடப்போகிறேன், நாளைக்கு எல்லோர் எண்ணுக்கும் செய்தி வரும், முடிந்தவர்கள் இன்றைக்குப் போனைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். சொல்லும்போதே அது எவ்வளவு பெரிய வேடிக்கை என்று அவளுக்குத் தெரிந்தது. யாரும் சோற்றில் கை வைக்கவில்லை.

அந்தோணியம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். நாற்பத்தைந்து வயசு, இருபத்தைந்து வருஷமாக உப்பு வாருகிறவள், குடிகாரப் புருஷனோடு குடித்தனம் நடத்துகிறவள்.

"எங்களக் காப்பாத்தத்தான பொய் எழுதினீய?"

"ஆமா."

"இப்ப யாரக் காப்பாத்த மெய் எழுதுதீய?"

"அடுத்து ஒரு சந்தனமாரி வந்திரக்கூடாதுட்டி. சூளையிலயோ தீப்பெட்டி ஆபீசுலயோ எவளோ ஒருத்தி என் கொரலக் கேட்டுட்டு வலியோட உக்காந்திருப்பா."

"அவ பேரு என்ன?"

ஜெபக்கனி விழித்தாள்.

"பேரு சொல்லுங்கக்கா. தெரியாதுல்லா? எங்க பேரு பூராவும் உங்களுக்குத் தெரியும். எம் புருசன் கையி எப்படி விழும்னும் தெரியும். நீங்கதான தையல் போட்டு விட்டீய." அந்தோணியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "எழுதாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ஜெபக்கனியும் திரும்பக் கும்பிட்டாள். இருவரும் ஒருவரையொருவர் கும்பிட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்து யாரோ ஒருத்தி அழ ஆரம்பித்தாள்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு ஜெபக்கனி கையெழுத்துப் போட்டாள். செய்தது சரியா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. முகம் தெரியாத ஒருத்திக்காக முகம் தெரிந்த இருநூற்றுப் பதினாலு பேரைக் கொடுத்துவிட்டோம் என்று மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு பெயராகத் திரையில் வந்தது, ஒவ்வொன்றிலும் விரலை வைத்தாள். முதல் பெயரை மூன்று தடவை வாசித்துவிட்டுத் தொட்டாள். ஐம்பதாவது பெயரை வாசிக்கவே இல்லை, அதற்காகவும் தன்னை வெறுத்தாள். தமயந்தி பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும், "வளையல் நாளைக்கு மாறிடும் சிஸ்டர். இனிமே தப்பாச் சொல்லாது. உங்க குரலையும் எடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கேன், அதுக்கு ஒரு மாசம் ஆகும்" என்றாள்.

*

செய்தி சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு வந்தது. 'பதிவுத் திருத்தம். உங்களுக்கு இருந்தது உடல் சூடு அல்ல, பிறப்புறுப்புத் தொற்று. சந்தேகங்களுக்கு உங்கள் செவிலியரை அணுகவும்.' சந்தேகங்கள் எல்லாம் புருஷன்மார்களுக்குத்தான் வந்தன. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிவதற்குள் ஒன்பது பேர் துணிமணியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்தார்கள். இன்னும் ஆறு பேரைப் புருஷன்மார்களே அனுப்பி வைத்திருந்தார்கள். இசக்கிமுத்து ஆஸ்பத்திரியில் சந்தனமாரியின் போனை அவள் கட்டிலில் போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனவன்தான், எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. மருந்தை எறிந்தவனுக்குத்தான் ரோஷம் முந்திக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் அந்தோணியம்மாள் துணைச் சுகாதார நிலையத்துக்கு வந்தாள். ஒரு கையால் நெற்றியில் துணியை அழுத்திப் பிடித்திருந்தாள். மற்றக் கையில் ஒரு உப்புச் சாக்கு இருந்தது. சாக்கை மேசையின் அடியில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஜெபக்கனி துணியை எடுத்தாள், காயத்தைக் கழுவினாள். புருவத்துக்கு மேலே ஆழமாகப் பிளந்திருந்தது. ஐந்து தையல் போட்டாள்.

தையல் போட்டால் பதிவு செய்ய வேண்டும். ஜெபக்கனி கணினியை எடுத்தாள். காயம் ஏற்பட்ட காரணம் என்று கேட்டு இரண்டு கட்டம் காட்டியது. விபத்து, தாக்குதல். இரண்டாவதைத் தொட்டால் அதுவும் ஒரு செய்தியாகப் போகும். போய்ச் சேருகிற சட்டைப் பை எது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்தோணியம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கும்பிடவில்லை, கேட்கவும் இல்லை.

ஜெபக்கனி முதல் கட்டத்தைத் தொட்டாள். கீழே 'வரப்பில் வழுக்கி விழுந்தது' என்று எழுதினாள். எழுதியதைப் பதிவேடு ஏற்றுக்கொண்டு நன்றி சொன்னது.

"அதுல என்ன?" என்று சாக்கைக் காட்டிக் கேட்டாள்.

"வளையலு. எல்லாருதும். இனிமே எவளும் போட மாட்டாளாம். உங்ககிட்டயே குடுத்துரச் சொன்னாளுவ."

மணி பத்தானது. வளையல்கள் தினமும் தாமாகவே நலம் விசாரிக்கிற நேரம். சாக்குக்குள் முதலில் ஒன்று விழித்தது, பிறகு பத்து, பிறகு எல்லாமே. புதுப் புத்தி வந்த வளையல்கள் ஒரு தவறும் இல்லாமல் கேட்டன. எல்லாம் ஜெபக்கனியின் குரலில் கேட்டன.

"நாள் தள்ளிப்போயிருக்கா? ஒரு பக்கமா வலிக்குதா? ரத்தம் படுதா? தோள் குத்துதா? தல சுத்துதா? இருந்தா உடனே ஆஸ்பத்திரிக்கு வா. மறைக்காமச் சொல்லுட்டி."

பதில் வராவிட்டால் திரும்பக் கேட்கும்படி அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தோணியம்மாள் எழுந்து முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு வெயிலுக்குள் போனாள். ஜெபக்கனி பஞ்சையும் கத்திரியையும் எடுத்து வைத்தாள், கையைக் கழுவினாள், மேசையைத் துடைத்தாள். மேசைக்கடியில் அவள் குரல் மறுபடியும் ஆரம்பித்தது.

"மறைக்காமச் சொல்லுட்டி."